மூச்சடக்கிய விண்மீன்

விண்மீன்களும் தூசியும் ஒன்றோடொன்று வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் மாதங்களுக்குப் பெயர் கிடையாது. ஆயினும் பருவம் இருந்தது. பால்வீதியின் நீண்ட கைகளுள் ஒன்று மெல்லச் சுழன்று வரும்போது, வழியில் சிதறிக் கிடக்கும் வளியும் தூசியும் நெருங்கிக் கறுத்துத் திரளும். அதுவே விண்வெளியின் கார்காலம். இங்கே சொல்லப்படுவது அத்தகைய ஒரு கார்காலத்தின் தொடக்கத்தில் நிகழ்ந்தது. பொழுதையும் சொல்லிவிடலாம். நம் சூரியன் அப்போது பிறந்திருக்கவில்லை. ஆகவே அதை வைகறை என்று கொள்வதே முறை.

அப்போது திரண்ட மேகம் ஒன்றில் இரண்டு கட்டிகள் அடுத்தடுத்து உருவாயின. மூத்தவள் பெயர் தழலி. இளையவள் பெயர் இருளாயி. ஒரே வளியாலும் ஒரே தூசியாலும் ஆன அவர்களில், ஒருத்தியின் ஓரம் எங்கே முடிகிறது, மற்றவளின் ஓரம் எங்கே தொடங்குகிறது என்பது அவர்களுக்கே தெரியாது. ஒருத்தி புரண்டால் மற்றவளும் அசைவாள்.

அந்த மேகத்தாரிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒரே திரளில் பிறந்தவர்களில் யார் முதலில் எரிகிறாரோ, அவர் அடுத்தவரைத் தொட்டு இறுக்கிப் பிடிக்க வேண்டும். இறுகினால்தான் உள்ளே சூடு பிறக்கும். தாமாகவே இறுகும் அளவுக்குக் கனம் உள்ளவர்கள் சிலரே. தழலிக்கு அந்தக் கனம் இருந்தது, இருளாயிக்கு இல்லை. இறுகாமல் நெடுங்காலம் கிடக்கும் கட்டி ஓரங்களிலிருந்து அவிழ்ந்து அவிழ்ந்து, ஒருநாள் இருந்த சுவடே இல்லாமல் போய்விடும்.

“நான் எரிஞ்சதும் முதல் வேலை உன்னைப் பிடிக்கிறதுதான்” என்று தழலி சொல்வாள்.

“மறந்துட மாட்டியே, அக்கா?”

“மறக்கிறதா? உன் நச்சரிப்பு தாங்காமத்தானே நான் சீக்கிரம் எரியப் பார்க்கிறேன்!”

தழலி எரிந்தாள். நீலம் கலந்த வெள்ளொளி அவள் நடுவிலிருந்து எழுந்து மேனியெங்கும் பரவியது. மகிழ்ச்சி பொறுக்காமல் தங்கையின் பக்கம் திரும்பி, “இருளா, பாருடி!” என்று கூவினாள்.

எரியும் விண்மீனுக்குப் பேச்சு என்பது மூச்சு. அந்த மூச்சோ புயல். அவள் கூவிய கூவலே இருளாயியை அப்பால் தூக்கி எறிந்தது. இருவருக்கும் நடுவே, அதுவரை இல்லாத ஒரு வெற்றிடம் உண்டாயிற்று.

“அக்கா, ஏன் தள்ளுறே?”

“நான் தள்ளலையே! வா, கிட்ட வா!”

வா என்று அழைத்த ஒவ்வொரு முறையும் தங்கை மேலும் விலகினாள். தழலி பதறினாள். பதறியவள் இன்னும் உரக்க அழைத்தாள். கடைசியில், ஒளியே போய்ச்சேர இருபது ஆண்டு பிடிக்கும் தொலைவில், பழைய மேகத்தின் எஞ்சிய கரை ஒன்றில் இருளாயி ஒதுங்கி நின்றாள்.

அந்தக் கரையில் சிறுகனல் என்ற சிவந்த சிறு விண்மீன் ஒருவர் நெடுங்காலமாகக் குடியிருந்தார். அவர்களுக்கெல்லாம் முன்னே பிறந்தவர் என்பதால் இருவரும் அவரை மாமா என்று அழைத்தார்கள். எரிப்பதில் அவரைப் போன்ற சிக்கனக்காரர் அந்தப் பக்கத்திலேயே இல்லை.

“உங்க அக்கா ஒரு வேளைக்கு எரிக்கிறதை என்கிட்ட குடுத்தா, நான் ஒரு யுகம் ஓட்டுவேன்” என்பார்.

“தெரியுது மாமா. அதனாலதான் உங்க பக்கத்திலேயே உட்கார்ந்தும் எனக்குக் குளிருது” என்பாள் இருளாயி.

தொலைவு வந்த பிறகும் சகோதரிகள் பேசிக்கொண்டார்கள். ஒரு சொல் போய்ச்சேர இருபது ஆண்டு. மறுமொழி வர இன்னும் இருபது ஆண்டு. அதை அவர்கள் பெரிதாக எண்ணவில்லை. இருளாயியின் பேச்சு எரியாதவர்களின் பேச்சு, மெல்லிய முணுமுணுப்பு, அது எவரையும் அசைக்காது. தழலியின் பேச்சு அப்படி அன்று. அவள் வேடிக்கையாக ஒன்று சொன்னால்கூட, அது வந்து சேரும்போது தங்கையின் முகப்பிலிருந்து ஒரு பிடி தூசி பெயர்ந்து பறக்கும். இருளாயி அதைச் சொன்னதில்லை. அவளுக்குப் பேச்சு வேண்டியிருந்தது.

சிறுகனல் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பொறுக்க முடியாமல் ஒருநாள் இருளாயிக்குக் கேட்காதபடி தழலிக்குச் செய்தி அனுப்பினார்.

“அம்மாடி, நீ பேசப் பேச அவ கரைஞ்சுக்கிட்டே வர்றா. உனக்கு எதிரே இருக்கிற பக்கம் பாதிக்குப் பாதி போயிடுச்சு.”

நாற்பது ஆண்டு கழித்து மறுமொழி வந்தது. மிகத் தாழ்ந்த குரலில் வந்தது.

“இனி நான் பேச மாட்டேன், மாமா. ஏன் பேசலேன்னு அவகிட்டே நீங்க சொல்லவும் கூடாது. சொன்னா, ‘நான் கரைஞ்சாலும் சரி, நீ பேசு’ன்னு சொல்லுவா. அப்படி அவ கேட்டுட்டா, என்னாலே பேசாம இருக்க முடியாது. எனக்கு வாக்குக் குடுங்க.”

சிறுகனல் வாக்குக் கொடுத்தார். அதன்பின் தழலி மூச்சை அடக்கிக்கொண்டாள்.

மூச்சை அடக்கினால் உடல் உப்பும். தழலியின் மேனி ஆண்டுக்காண்டு வீங்கியது. நீலம் போயிற்று, வெண்மை போயிற்று, அவள் சிவந்தாள். மனதில் தோன்றும் ஒவ்வொரு சொல்லையும் உள்ளேயே வைத்துக்கொண்டு, இருபது ஆண்டுக்கு முன் தங்கை முணுமுணுத்தவற்றை மட்டும் கேட்டபடி இருந்தாள்.

இருளாயி முதலில் கெஞ்சினாள். பிறகு கிண்டல் செய்தாள். “வெளிச்சம் வந்ததும் பெரிய இடத்து மனுஷி ஆயிட்டே, அக்கா. என்னை மாதிரி கறுத்த கட்டியோட பேசினா கௌரவம் குறைஞ்சிடுமோ?” பிறகு கோபித்தாள். கோபமும் தீர்ந்தபின் அன்றாடம் நடப்பதை மட்டும் சொல்லத் தொடங்கினாள். “இன்னைக்கு மாமா இருமினார்.” “இன்னைக்கு ஒரு துண்டு பனி என்னைக் கடந்து போச்சு; நிற்கச் சொன்னேன், நிற்கலே.” கேட்பவர் உண்டா இல்லையா என்று தெரியாமல் ஆயிரமாயிரம் ஆண்டு அவள் இப்படிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒருநாள், “அக்கா, என் ஓரமெல்லாம் அவிழுது. யாரும் ஊதலே, தானா அவிழுது” என்றாள்.

தழலி அதைக் கேட்டாள். மௌனம் தங்கையைக் காக்கவில்லை என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. மௌனம் கரைவதைத் தாமதப்படுத்தியது, அவ்வளவே. இறுகப் பிடிக்க ஆளில்லாத கட்டி ஊதினாலும் போகும், ஊதாவிட்டாலும் போகும்.

உப்பிய மேனியில் தளர்ந்து கிடந்த தன் மேலாடையை அவள் கழற்றினாள். அதை ஊதாமல், தங்கை இருக்கும் திசையில் மெல்ல நழுவவிட்டாள். போர்த்தினால் தங்கை குலையாமல் இருப்பாள் என்பது அவள் எண்ணம். போர்வை மெதுவாக நகர்ந்தது. பாதி வழிகூடப் போகாமல், அவளைச் சுற்றி ஒரு வளையமாக விரிந்து அங்கேயே நின்றுவிட்டது.

பிறகு தன்னுள்ளே இருந்த பொருள்களைப் பார்த்தாள். விண்மீனின் வயிறு ஓர் அடுப்பு. அங்கே ஒன்றின் சாம்பல் அடுத்ததற்கு விறகு. மிக இலேசான வளி எரிந்து அடுத்த வளி ஆகும். அது எரிந்து கரி ஆகும். கரி எரிந்தபின் நாம் மூச்சிழுக்கும் உயிர்வளியும், பின்னாளில் மணலாகப் போகும் பொருளும் வரும். ஒவ்வொன்றும் முன்னதைவிடக் கனம். தழலியின் அடுப்பில் அப்போது கரி எரிந்துகொண்டிருந்தது.

அவள் நெடுநாள் கழித்து, சிறுகனலுக்கு மட்டும் படும்படி ஒரு நூலளவு மூச்சு விட்டாள். “மாமா, இலேசானதை அனுப்பினா வழியிலேயே நின்னுடுது. கனமான பொருள் ஒரு பிடி அவ மடியில் விழுந்தா, அதைச் சுத்தி அவ தானா இறுகிடுவா இல்லையா? நம்ம அடுப்பிலே வேகிறதிலே எல்லாத்திலேயும் கனமானது எது?”

“இரும்பு” என்று சொல்லி அனுப்பினார் சிறுகனல். அதே மூச்சில், “ஆனா அதைச் செய்யாதே தாயி. மத்ததெல்லாம் வெந்தா சூடு தரும். இரும்பு சூட்டைத் தின்னும். அடுப்பு அணைஞ்சா மேலே இருக்கிற கூரை எதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும்?” என்றும் சொன்னார்.

“நீங்க இரும்பு செஞ்சிருக்கீங்களா?”

“நான் கரிகூடச் செஞ்சதில்லே. கேள்விப்பட்டதுதான்.”

“கேள்விப்பட்டதுதானே” என்றாள் தழலி. “எனக்கு ஒரே ஒரு பிடி போதும், மாமா. ஒரு பிடி ஆனதும் நிறுத்திடுவேன்.”

தவறு அங்கேதான் நிகழ்ந்தது. அதுவரை எதையும் அளவோடு செய்தறியாத பெருவிண்மீன் ஒருத்தி, இரும்பை மட்டும் அளவோடு செய்துவிடலாம் என்று நம்பினாள்.

கரி வெந்து தீர அறுநூறு ஆண்டு ஆயிற்று. அந்த அறுநூறு ஆண்டும் சிறுகனல் நிம்மதியின்றி இருந்தார். உண்மையைச் சொன்னால் வாக்குத் தவறும். சொல்லாவிட்டால் தழலி போய்விடுவாள். நாளை சொல்லலாம், அடுத்த நூற்றாண்டில் சொல்லலாம் என்று, எரிபொருளைச் சேமித்த பழக்கத்திலேயே அந்தச் சொல்லையும் சேமித்து வைத்தார். இறுதியில் ஒருநாள் இருளாயியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

இருளாயி அவர் பக்கம் திரும்பினாள்.

“அப்போ என்மேலே கோபம் இல்லையா?”

“கோபமா? நீ சொன்ன ஒரு சொல்லு விடாம கேட்டிருக்கா. நான் இருமினதுகூட அவளுக்குத் தெரியும்.”

“இத்தனை காலம் எதிரே உட்கார்ந்து நான் அழுததைப் பார்த்துக்கிட்டு இருந்தீங்களே, மாமா. உங்களுக்கு வாய் இல்லையா?”

இருளாயி அவரிடம் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அக்காள் இருந்த திசையை நோக்கி, தன்னால் இயன்ற அளவு தெளிவாகச் சொன்னாள்.

“அக்கா, பேச வேண்டாம். தொட வேண்டாம். எனக்கு ஒண்ணும் செய்ய வேண்டாம். நீ அங்கே இரு. அது போதும்.”

அந்தச் சொல் புறப்பட்டது. போய்ச்சேர இருபது ஆண்டு.

அதே வேளையில் தழலியின் அடுப்பில் உயிர்வளி ஏற்கெனவே பற்றியிருந்தது. அது தீர ஆறு மாதம் ஆயிற்று. அடுத்து மணற்பொருள் பற்றியது. அது தீர ஒரே நாள். அந்த நாளின் தொடக்கத்தில் அவள் கையில் ஒரு சிட்டிகை இரும்பு விழுந்தது. அழகாகவும் கனமாகவும் இருந்தது. ஒரு பிடி ஆனதும் நிறுத்த முயன்றாள். அடுப்பு அவள் சொல்லைக் கேட்கவில்லை. மாலைக்குள் அவள் நடு முழுவதும் இரும்பாயிற்று. சூடு தருவதற்கு ஒன்றும் எஞ்சவில்லை.

கூரை விழுந்தது. அவ்வளவு பெரிய மேனி ஒரே நொடியில் உள்நோக்கிச் சரிந்தது, நடுவில் மோதியது, மோதிய வேகத்தில் வெளிநோக்கித் திரும்பியது. அத்தனை காலம் அடக்கிவைத்த மூச்சு முழுவதும், சொல்லாமல் விட்ட சொற்கள் முழுவதும், கரியும் உயிர்வளியும் மணலும் இரும்பும் ஒன்றாக, எல்லாத் திசையிலும் புறப்பட்டன. வெடிப்பின் ஒளி அவற்றுக்கு முன்னே ஓடியது.

வழியில் எங்கோ அந்த ஒளியும் ‘நீ அங்கே இரு’ என்ற சொல்லும் ஒன்றையொன்று கடந்தன. சொல் போய்ச்சேர்ந்தபோது அங்கே கேட்க யாரும் இல்லை.

இருளாயியின் கரைக்கு முதலில் வந்தது ஒளிதான். பால்வீதி முழுவதற்கும் போதுமான ஒளி. அது அவள் மேனியின் ஒவ்வொரு துகளிலும் பட்டுத் தெறித்தது. பிறந்தது முதல் இருளாகவே இருந்தவள், தன் மடிப்புகளையும், தூண்போல் நீண்ட தன் கைகளையும், அக்காளின் மூச்சு அரித்தெடுத்த பள்ளத்தையும் அன்றுதான் கண்டாள்.

“மாமா, நான் இப்படியா இருக்கேன்?”

“இப்படித்தான் இருக்கே, தாயி” என்றார் சிறுகனல். “நல்லாத்தான் இருக்கே.”

அந்த ஒளி சில மாதங்களில் மங்கிவிட்டது. என்ன நிகழ்ந்தது என்பது அவளுக்கு விளங்கியது. பத்து ஆண்டு கழித்து, தழலி இருந்த இடத்தைச் சுற்றி ஒரு வளையம் மணிமணியாகப் பற்றி ஒளிர்ந்தது. வெடிப்பிலிருந்து வெளியே விரைந்து வந்த அலை, முன்பு வழியில் நின்றுபோன போர்வையைத் தொட்டிருந்தது.

“வழியிலே ஏதோ எரியுது” என்றாள் இருளாயி.

“உனக்காக அனுப்பினது. உன்கிட்டே வந்து சேரலே” என்றார் சிறுகனல். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்: “அதைத் தொட்டது இங்கேயும் வரும். மூவாயிரம் ஆண்டு ஆகும். அது மூச்சு இல்லேம்மா, அடி. அது பட்டா உன் தூசி பாதி வெந்து ஆவியாயிடும். உன்னை நீயே அவிழ்த்து விட்டுடு. சிதறிப் போனவங்களை அது ஒண்ணும் செய்யாது. துகள் துகளாவாவது முழுசா மிஞ்சுவே.”

“மிச்சப் பாதி என்ன ஆகும்?”

“தெரியாது. நான் பார்த்ததில்லே.”

“என்னைத் தொடணும்னு அவ புறப்பட்டு வர்றா” என்றாள் இருளாயி. “வர்ற நேரத்திலே நான் வீட்டிலே இல்லேன்னா நல்லாயிருக்குமா?”

அவிழ்ந்து திரிந்த தன் ஓரங்களை அவள் ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துக்கொள்ளத் தொடங்கினாள். இயலாத வேலைதான். ஓர் இழையைச் சேர்த்தால் இன்னோர் இழை நழுவும். மூவாயிரம் ஆண்டும் அந்த வேலையையே செய்தாள். இடையிடையே பழைய வழக்கப்படி அன்றாடச் செய்தியையும் சொல்லிக்கொண்டாள். அந்தத் திசையில் கேட்பதற்கு யாரும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆயினும் வேறு திசையில் சொல்ல அவளுக்கு வரவில்லை.

அலை வந்தது. தூரத்திலிருந்து அது சிவப்பும் பச்சையுமான மெல்லிய நூல்களால் பின்னிய திரைபோலத் தெரிந்தது. அருகே வந்தபோது அது விழுகிற அடியாக மட்டுமே இருந்தது, உருவம் இல்லை.

முதல் அடியில் அவள் முன்பக்கத் தூசி வெந்து மறைந்தது. சிறுகனல் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாவதாக, அலை அவளை நாற்புறமும் சூழ்ந்து அழுத்தியது. பல கோடி ஆண்டுக்கு முன்பு அக்காள் செய்வதாகச் சொன்ன அந்தப் பிடி, அவ்வளவு காலம் கடந்து, அன்றுதான் கிடைத்தது. அலைக்குள் வந்த கரியும் மணலும் இரும்பும் அவள் மடியில் விழுந்தன.

“அக்கா” என்றாள் இருளாயி. வேறு எதையும் அவள் சொன்னதாகச் சிறுகனல் சொல்லவில்லை.

அவள் இறுகினாள். ஒரே விண்மீனாக இறுகவில்லை. அலை அழுத்திய இடங்களிலெல்லாம் முடிச்சு முடிச்சாக, ஏழு இடங்களில் இறுகினாள். ஏழிலும் சூடு பிறந்தது. ஒன்றன்பின் ஒன்றாக ஏழு சிறு விண்மீன்கள், எஞ்சிய தூசியைப் போர்த்திக்கொண்டு, ஒரு வளைவில் எரியத் தொடங்கின. அவற்றுள் ஒன்றுக்கும் இருளாயி என்ற பெயர் நினைவில் இல்லை.

“எங்களைப் பிடிச்சு எரியவைச்சது யாரு?” என்று அவை கேட்டன.

சிறுகனல் அவை பார்க்கவேண்டிய திசையைக் காட்டினார். அங்கே கண்ணுக்குத் தெரிவதாக ஒன்றும் இல்லை.

யார் எதைக் கொடுத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். தழலி தன் உடலை ஒரே நாளில் கொடுத்தாள். ஓர் ஊரின் அகலமே உள்ள அவள் நடு மட்டும் மிஞ்சி, நொடிக்குப் பலமுறை சுழன்று, எல்லாப் பக்கமும் ஒளிக்கற்றையை வீசி இன்றும் தேடிக்கொண்டிருக்கிறது. தேடப்படுபவள் எரிந்துவிட்டாள் என்ற செய்தி அதற்குப் புரிவதில்லை. இருளாயி தன் தூசியில் பாதியையும் தன் பெயரையும் மூவாயிரம் ஆண்டு கழித்துக் கொடுத்தாள். சிறுகனல் கொடுப்பது இன்னும் முடியவில்லை. காலத்தில் சொல்லாமல் விட்ட அந்தச் சொல் நினைவுக்கு வரும்போதெல்லாம் அவர் திடீரெனச் சீறி எரிந்து, வெட்கப்பட்டு அடங்குகிறார். அவரைப் போன்ற சிறு சிவப்பு விண்மீன்களும் அப்படியே செய்கின்றன.

அந்த நாள் தொட்டுத்தான் பெருவிண்மீன்கள் முதுமையில் மூச்சடக்கிச் சிவந்து, இரும்பில் கைவைத்த அன்றே வெடிக்கின்றன. அவற்றின் அலை போய்த் தொட்ட மேகக் கரைகளில், பிடித்தவர் யாரென்று அறியாத இளம் விண்மீன்கள் வரிசையாக எரியத் தொடங்குகின்றன.